கீழ் ரேங்கில் வந்து வீரம் காட்டுகிறவர்களுக்கு

நேரே கேட்கிறேன். உச்ச ரேங்கான இம்மோர்ட்டலில் இருக்கிறவனுக்குக் கீழ் ரேங்கான க்ரூஸேடர் மெட்ச்சில் என்ன வேலை? ஐந்துக்கு ஐந்து பேர் மோதுகிற டோட்டா 2 என்ற ஒன்லைன் கேமை விளையாடுகிற நம்ம மட்டக்களப்புப் பொடியன்கள் கொஞ்சப் பேர் இதைப் பெருமையாக வேறு சொல்லித் திரிகிறார்கள், கல்லடிப் பாலத்தடியில் கூடி நின்றுகொண்டு "நேற்று ஸ்மர்ஃப் ஐடியில் முப்பது கில் மச்சான்" என்று. ஸ்மர்ஃப் என்றால், கெட்டிக்காரன் தன் மெயின் அக்கவுண்டை விட்டுவிட்டு, கீழ் ரேங்கில் ஆட வைத்திருக்கிற வேறொரு அக்கவுண்ட். அந்த முப்பது தரமும் செத்தது யார்? வேலை முடிந்து வந்து, பிள்ளையைப் படுக்க வைத்துவிட்டு, ஒரேயொரு மெட்ச் போடுவோம் என்று உட்கார்ந்த யாரோ ஒரு மனுஷன்.

ஐந்தாம் நிமிடத்திலேயே விளங்கிவிடும். மிட் லேனில், அதாவது நடுப்பாதையில், எதிரே நிற்கிற இன்வோக்கர் என்ற ஹீரோ, காசு சேர்க்க நாம் கொல்ல வேண்டிய ஒரு க்ரீப்பைத் தொட விடமாட்டான், உயிர் தப்பினால் போதும் என்று மரத்துக்குள் ஒளிந்து நின்று தளத்துக்குத் திரும்ப டிபி அடித்தாலும் எங்கிருந்தோ அவனுடைய சன் ஸ்ட்ரைக் மந்திரம் சரியாகத் தலையில் வந்து இறங்கும். ப்ரொஃபைலைத் திறந்து பார்த்தால் புது அக்கவுண்ட், வரிசையாக வெற்றி. இருபது நிமிடத்தில் முடிக்கக்கூடிய ஆட்டத்தை வேண்டுமென்றே முடிக்காமல் இழுத்து, நம் தளத்து ஃபவுண்டனுக்குள்ளேயே வந்து கொன்று, சாட்டில் சிரிப்பான். எழுந்து போகவும் வழியில்லை, போனால் மெட்ச்சை விட்டு ஓடியதாக அபண்டன் விழுந்து தண்டனை நமக்குத்தான். அநியாயம் செய்தவன் அவன், உட்கார்ந்து அடிவாங்குவது நாம். வெபர் மைதானத்தில் சின்னப் பொடியன்களின் டென்னிஸ் பந்து மெட்ச்சுக்குள் மாவட்ட அணிக்காரன் புகுந்து சிக்ஸர் அடித்தால் கைதட்டுவீர்களா? காதைப் பிடித்து வெளியே விடமாட்டீர்களா?

டோட்டாவை நடத்துகிற வெல்வ் நிறுவனம் சும்மா இருக்கிறது என்று சொல்ல வரவில்லை. 2017இல் ரேங்க் மெட்ச்சுக்குப் போன் நம்பரைக் கட்டாயமாக்கியது, இப்போது ரேங்க் திறக்கவே 100 மணிநேரம் ஆடியிருக்க வேண்டும். இதெல்லாம் இவர்களுக்கு ஒரு தடையா? அம்மாவின் சிம் இருக்கிறது, தங்கச்சியின் சிம் இருக்கிறது, 100 மணிநேரத்தை வேறு யாரோ ஆடி முடித்த அக்கவுண்டைக் காசுக்கும் வாங்கலாம். அப்புறம் 2023 ஏப்ரலில் ரேங்க் புள்ளியைக் கணக்கிட கிளிக்கோ என்ற முறை வந்தது. ஒரு அக்கவுண்டின் உண்மையான திறமை எவ்வளவு என்று சிஸ்டத்துக்கு உறுதியில்லாத வரைக்கும் ஒவ்வொரு வெற்றி தோல்விக்கும் புள்ளி பெரிதாக ஏறி இறங்கும், ஆகவே வெளுத்து வாங்குகிறவன் சீக்கிரமே மேலே போய்விட வேண்டும். சரி, அதற்கு இவர்கள் கண்டுபிடித்த வழி என்ன? வேண்டுமென்றே தோற்பது. தன் அணியில் இருக்கிற நாலு பேரின் மெட்ச்சையும் நாசமாக்கிக் கீழே இறங்கி, மறுபடி எளியவர்களை அடிப்பது. இதற்குக் கூசவே கூசாதா?

அதனால்தான் அதே வருடம் செப்டெம்பரில் வெல்வ் 90,000 ஸ்மர்ஃப் அக்கவுண்டுகளைத் தடை செய்தபோது எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். அந்த எண்ணிக்கையை விட, ஒவ்வொன்றையும் அதன் மெயின் அக்கவுண்ட் வரைக்கும் தேடிப் பிடித்தோம், இனி மெயினுக்கும் தண்டனை வரும், நிரந்தரத் தடைகூட வரலாம் என்று சொன்னார்களே, அதுதான் விஷயம். பத்து ஸ்மர்ஃபைத் தூக்கினாலும் பதினோராவது வரும். மெயினில் கை வைத்தால்தான் நோகும்.

போன் நம்பரை மட்டும் இறுக்கிப் பிடிப்பது வேலைக்காகாது, அது அப்பாவிகளின் கழுத்தில்தான் விழும். 2022 ஒக்டோபரில் ஓவர்வொட்ச் 2 என்ற இன்னொரு கேம் வந்தபோது சில ப்ரீபெய்ட் நம்பர்களை ஏற்கவே இல்லை, பிறகு எதிர்ப்பு வந்துதான் தளர்த்தினார்கள். ரீலோட் போட்டுக் கதைக்கிற நம்ம சனத்துக்கு அப்படி ஒரு சட்டம் வந்தால் எங்கே போவது? ஒரே வீட்டில் ஒரே கொம்பியூட்டரில் அண்ணனும் தம்பியும் மாறி மாறி ஆடுகிற வீடுகள் களுவாஞ்சிகுடியிலும் கல்முனையிலும் எத்தனை இருக்கும், அவர்களையும் ஸ்மர்ஃப் என்று பிடிப்பதா? ஆட்டத்தைப் பார்த்துப் பிடிக்க வேண்டும், நம்பரைப் பார்த்து அல்ல.

"கூட்டாளியின் ரேங்க் குறைவு, அவனோடு சேர்ந்து ஆடத்தான் வேறு ஐடி" என்ற கதையை என்னிடம் சொல்லாதே தம்பி. ரேங்க் கணக்கில் சேராத அன்ரேங்க்ட் மெட்ச் இருக்கிறது, அங்கே போய் ஆடு. ரேங்க் மெட்ச்சில் எதிரே நிற்கிற ஐந்து பேரும் உன் கூட்டாளிக்கு என்ன கடன்பட்டவர்களா?

மற்றவர்களுக்கு ஒன்று. மெட்ச் முடிந்த கோபத்தில் கேமை மூடிவிட்டுப் போகாமல் ரிப்போர்ட் அடியுங்கள். தெரிந்த பொடியன், மச்சான் முறை, பக்கத்து வீடு என்றெல்லாம் பார்க்காதீர்கள்.