மாலை மாறியது, ஓடிபி மாறவில்லை

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், தமிழர்கள் நிறைந்த சாட்ஸ்வர்த்திலோ ஃபீனிக்ஸிலோ ஒரு அமைப்பின் ஆண்டுப் பொதுக்கூட்டம் முடிந்த மறுநாள் முகநூலைத் திறந்தால் ஒரே படம்தான். புதுத் தலைவர் கழுத்தில் மாலை, பக்கத்தில் பழைய தலைவர், பின்னால் பிரியாணிப் பானை. அந்தப் படத்தைப் பார்த்துத் தலைமை மாறிவிட்டது என்று நம்பிவிடாதீர்கள். வங்கிக் கணக்கிலிருந்து மண்டப வாடகை அனுப்ப வேண்டுமென்றால் அன்றைக்கும் ஓடிபி போய் விழுவது பழைய பொருளாளரின் போனில்தான். அது யார் போனில் விழுகிறதோ, அவர் கையில்தான் அமைப்பு இருக்கிறது.

கோயில் சங்கங்களை மட்டும் மனத்தில் வைத்துச் சொல்லவில்லை. கடவுள் வேண்டாம், சடங்கு வேண்டாம், மனிதர் போதும் என்று கூடுகிற மனிதநேய அமைப்புகளுக்கு இது இன்னும் நன்றாகப் பொருந்தும். தர்மகர்த்தாவைக் கேள்வி கேட்டு வெளியே வந்தவர்கள், பதினைந்து வருடத்தில் தங்களுக்கென்று ஒரு தர்மகர்த்தாவை உண்டாக்கிக்கொள்கிறார்கள். அவர் கெட்டவர் இல்லை. சொந்தக் காசில் மண்டபம் பிடித்தவர், யாரும் வராத கூட்டத்துக்கும் வந்து நாற்காலி போட்டவர். சிக்கலே அதுதான். இந்த ஊரில் வயதில் மூத்தவர்கள் எல்லோரும் நமக்கு அங்கிள், ஆன்ட்டி. "அங்கிள், உங்கள் காலம் முடிந்தது" என்று எந்த வாய் சொல்லும்?

வாய் சொல்லாததை விதி சொல்ல வேண்டும். ஒரு பதவிக்காலம் மூன்று வருடம், தொடர்ந்து இரண்டு முறைக்கு மேல் இல்லை என்று அமைப்புவிதியில் எழுதிவிடுங்கள். ஏழு பேர் செயற்குழு என்றால் ஏழு பேரையும் ஒரே வருடம் மாற்றாதீர்கள். வருடத்துக்கு இரண்டு பேர், மிஞ்சினால் மூன்று பேர். அப்படி இருந்தால் வேலை தெரிந்த நாலு பேர் எப்போதும் உள்ளே இருப்பார்கள். உலக மனிதநேய இயக்கம் 1952இல் ஆம்ஸ்டர்டாமில் எழுதிய கொள்கைப் பிரகடனத்தையே 2002இலும் 2022இலும் புதுப்பித்திருக்கிறது. கொள்கையையே புதுப்பிக்க முடிகிறவர்களுக்கு உள்ளூர்த் தலைவரை மாற்றுவதில் என்ன அவ்வளவு தயக்கம்?

தென்னாப்பிரிக்கச் சட்டமும் ஒற்றை ஆள் ஆட்சியை விரும்புவதில்லை. வருமான வரிச் சட்டத்தின் 30ஆம் பிரிவில் பொதுநல அமைப்பு என்ற அங்கீகாரம் வேண்டுமானால், ஒருவருக்கொருவர் நெருங்கிய உறவில்லாத மூன்று பேராவது அறங்காவலர் பொறுப்பை ஏற்க வேண்டும். முடிவெடுக்கும் அதிகாரம் நேராகவோ மறைமுகமாகவோ ஒரே ஆளிடம் இருக்கக் கூடாது. புருஷன் தலைவர், பெண்சாதி பொருளாளர், மச்சான் செயலாளர் என்று மூன்று பேர் மட்டும் நடத்துகிற அமைப்புக்கு வரிச் சலுகை நிலைக்காது.

தேர்தல் முடிந்ததும் கெடுக்கள் ஓடத் தொடங்கும். 1997ஆம் வருடத்து லாபநோக்கற்ற அமைப்புகள் சட்டம் (71ஆம் எண்) சொல்வது இது: பொறுப்பாளர்கள் தேர்வான ஒரு மாதத்துக்குள் அவர்களின் பெயரும் முகவரியும் சமூக மேம்பாட்டுத் துறைக்குப் போக வேண்டும். பழைய ஆட்களே மறுபடி தேர்வானாலும் அனுப்பத்தான் வேண்டும். பலர் தவறுகிற இடம் இதுதான். "ஆள் மாறலையே" என்று விட்டுவிடுகிறார்கள். வரித்துறையில் அமைப்பின் பிரதிநிதி மாறினால் 21 வேலை நாட்களுக்குள் தெரிவிக்க வேண்டும். நிறுவனச் சட்டத்தின் கீழ்ப் பதிவானது என்றால் இயக்குநர் மாற்றத்துக்குப் பத்து வேலை நாள்தான். அப்புறம் எல்லோரும் மறக்கிற ஒன்று: தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டமான போபியாவின்படி அமைப்பின் தலைவர்தான் தகவல் அலுவலர். தலைவர் மாறினால் அந்தப் பதிவும் மாற வேண்டும்.

இதெல்லாம் படிவம் நிரப்பும் வேலை. உண்மையான இழுபறி வங்கியில். கறுப்புப் பணத்தைத் தடுப்பதில் பின்தங்கிய நாடுகளின் 'சாம்பல் பட்டியலில்' 2023 பிப்ரவரியில் நாடு சேர்ந்தது, 2025 அக்டோபரில் வெளியே வந்தது. அதற்காக வங்கி கேட்கும் காகிதம் குறைந்துவிடும் என்று எதிர்பார்க்க வேண்டாம். அமைப்புவிதி, கூட்ட நடவடிக்கைக் குறிப்பு, யார் யார் கையெழுத்திடலாம் என்ற தீர்மானம், ஒவ்வொருவரின் அடையாள அட்டை, முகவரிச் சான்று எல்லாம் வேண்டும். எங்கே மாட்டுகிறது தெரியுமா? நடவடிக்கைக் குறிப்பில் யாரும் கையெழுத்துப் போட்டிருக்க மாட்டார்கள். அல்லது விதியில் 'நிர்வாகச் செயலாளர்' என்றும் தீர்மானத்தில் 'ஒருங்கிணைப்பாளர்' என்றும் இருக்கும். அல்லது பழைய பொருளாளர் கோபித்துக்கொண்டு மகள் வீட்டுக்கு கேப்டவுன் போயிருப்பார். அதனால் தீர்மானத்தைப் பொதுக்கூட்டத்துக்கு முன்பே தட்டச்சு செய்து, பெயர்களுக்கு மட்டும் இடம் விட்டுவையுங்கள். தேர்தல் முடிந்ததும் பெயரை நிரப்பி, பழையவரும் புதியவரும் பானையைத் திறப்பதற்கு முன் கையெழுத்திடட்டும். பானை திறந்த பிறகு யாரையும் பிடிக்க முடியாது.

இணைய வங்கியில் ஒருவர் பணம் பதிவேற்ற, இன்னொருவர் அனுமதிக்கும் இரட்டை முறையைப் போட்டுவிடுங்கள். இருவரும் ஒரே வீட்டில் இருக்கக் கூடாது.

வங்கிக்கு வெளியேயும் சாவிகள் உண்டு: இணையதளத்தின் பெயர்ப் பதிவு யார் மின்னஞ்சலில் இருக்கிறது, முகநூல் பக்கத்துக்கு நிர்வாகி யார், ஜூம் கணக்கு யார் அட்டையில் ஓடுகிறது, வாட்ஸ்அப் குழுவில் ஆளைச் சேர்க்கவும் நீக்கவும் முடிகிறவர் யார். சடங்கில்லாத இறுதி நிகழ்ச்சி நடத்திக் கொடுக்கிற அமைப்பு என்றால் முக்கியமான சொத்து, யார் பேசுவார், தகனமேடையில் யாரிடம் நேரம் கேட்பது என்கிற தொலைபேசிப் பட்டியல். அது ஒரே ஒருவரின் போனில் இருந்தால், ஒரு குடும்பம் துக்கத்தில் அழைக்கிற அன்று அவர் போன் அணைந்திருக்கும். இவை அத்தனையையும் ஒரே தாளில் எழுதி, பொதுக்கூட்டத்துக்கு மூன்று மாதம் முன்பே தயாராக வைத்திருக்க வேண்டும்.

தேர்தல் பற்றி ஒன்றுதான் சொல்வேன். கடைசி வாரம் ஐம்பது புது உறுப்பினர் சந்தா கட்டிச் சேர்கிற வித்தை எல்லோருக்கும் தெரிந்தது. ஆறு மாதமாவது உறுப்பினராக இருந்தால்தான் ஓட்டு என்று விதி இருந்தால் அந்த வித்தை பலிக்காது. ஓட்டு ரகசியமாக இருக்கட்டும், எண்ணுகிறவர் வெளியாளாக இருக்கட்டும். கை தூக்கச் சொன்னால் அங்கிளின் முகத்தைப் பார்த்துத்தான் கை உயரும்.

விலகும் நிறுவனரை என்ன செய்வது? 'கௌரவ ஆலோசகர்' பட்டம் கொடுத்துச் செயற்குழுவில் உட்கார வைப்பது மிக மோசமான யோசனை. புதுத் தலைவர் ஒவ்வொரு முடிவையும் சொல்லிவிட்டு அந்தப் பக்கம் திரும்பிப் பார்ப்பார். முதல் ஆறு மாதம் அவர் செயற்குழுக் கூட்டத்துக்கு வரக் கூடாது. ஆனால் கையில் வேலை இருக்க வேண்டும்: நன்கொடையாளர் வீடுகளுக்குப் புதுத் தலைவரைக் கூட்டிப்போய் அறிமுகப்படுத்துவது, பழைய படங்களையும் கடிதங்களையும் தேதி போட்டு அடுக்குவது. அறிமுகத்தை வாட்ஸ்அப்பில் முடிக்காதீர்கள். நன்கொடை தருகிறவர் அமைப்பை நம்புவதில்லை, ஆளை நம்புகிறார். அந்த நம்பிக்கை ஒரு டீயோடு, நேரில்தான் கைமாறும்.

குழு கட்டுவது என்றதும் கடற்கரையில் பிராய் (கறி சுட்டுத் தின்னும் விருந்து) போட்டுப் பந்து எறிகிறார்கள். வேண்டாம் என்று சொல்லவில்லை, அன்றைக்கு நன்றாகத்தான் இருக்கும். ஆனால் திங்கட்கிழமை வேலை வேறு. மனிதநேய அமைப்புக்கு ஆள் வருவது விவாதத்தால், நிலைப்பது வேலையால். புதிதாக வந்தவருக்கு இரண்டு வாரத்துக்குள் இரண்டு மணி நேரத்தில் முடியக்கூடிய ஒரு வேலை கொடுக்காவிட்டால் மூன்றாவது கூட்டத்துக்கு வர மாட்டார். ஒவ்வொரு பொறுப்புக்கும் ஜோடியாக இன்னொருவர் பழகட்டும். செயலாளரோடு ஒருவர் இரண்டு கூட்டம் உட்கார்ந்து குறிப்பெழுதிப் பார்க்கட்டும். குறிப்பில் மூன்று பத்தி போதும்: என்ன முடிவு, யார் செய்வது, எந்தத் தேதிக்குள். இரண்டு நாளில் எல்லோருக்கும் போய்ச் சேர வேண்டும். இல்லையென்றால் அடுத்த மாதமும் அதே விவாதத்தை முதலிலிருந்து நடத்துவார்கள், அதையும் சந்தோஷமாக நடத்துவார்கள்.

புதியவர்களுக்குச் செலவு அதிகாரமும் வேண்டும். ஐந்நூறு ரேண்ட் அச்சுச் செலவுக்கும் தலைவரைக் கேட்க வேண்டுமென்றால் அதற்குப் பெயர் குழு இல்லை, எடுபிடி. எவ்வளவு வரை தானே செய்யலாம், எதற்கு மேல் பொருளாளர், எதற்கு மேல் செயற்குழு என்று தொகையை எழுதிவையுங்கள். ரசீதை மாதக் கடைசியில் கேளுங்கள்.

இன்னொன்று, கோபப்படாமல் கேளுங்கள். சாட்ஸ்வர்த்துக்குப் பக்கத்திலேயே ஜூலு மக்கள் வாழும் உம்லாசி இருக்கிறது. செயற்குழு முழுக்கத் தமிழர் என்றால் அது சாதிச் சங்கத்துக்குக் கொஞ்சம் இடது பக்கம் நிற்கிற சங்கம், அவ்வளவுதான். "கூப்பிட்டோம், வரவில்லை" என்பார்கள். வார நாளில் மாலை ஏழு மணிக்குக் கூட்டம் வைத்தால், முடிந்து திரும்ப டாக்சி கிடைக்குமா என்று யாராவது யோசித்தோமா? சனிக்கிழமை காலை பத்து மணிக்கு வையுங்கள், டாக்சிக் கட்டணத்தை அன்றைக்கே கையில் கொடுங்கள், அறிவிப்பை ஜூலு மொழியிலும் போடுங்கள். அப்புறம் பேசலாம்.

கடைசியாகத் தேதி. நிதியாண்டு பிப்ரவரியில் முடிகிற அமைப்பு ஆகஸ்டுக்குள் கணக்கறிக்கையையும், நவம்பர் கடைசிக்குள் சமூக மேம்பாட்டுத் துறைக்கு ஆண்டறிக்கையையும் முடிக்க வேண்டும். கணக்கை மே மாதமே முடித்து, பொதுக்கூட்டத்தை ஜூனிலோ ஜூலையிலோ வைத்தால் வங்கி வேலைக்கும் கைமாற்றத்துக்கும் நாள் கிடைக்கும். டிசம்பர் வரை இழுக்காதீர்கள். 16ஆம் தேதி விடுமுறைக்குப் பிறகு டர்பனில் கடற்கரையைத் தவிர வேறு எதுவும் திறந்திருக்காது.