காசு கையில இருக்கு, எபிசோடைத்தான் காணோம்

"திருட்டு சைட்டுல பாக்காதே, படைப்பாளி வயித்துல அடிக்காதே"ன்னு பாடம் எடுக்குற நல்லவங்க எல்லாம் ஒரு நிமிஷம் வாங்க. ஒரு அனிமேவோட, அதாவது ஜப்பான் அனிமேஷன் தொடரோட, குறிப்பிட்ட எபிசோடை முறைப்படி காசு கட்டிப் பாக்க எங்க போகணும்னு சொல்லுங்க. உபதேசத்தை அப்புறம் கேட்டுக்கிறேன்.

மாசாமாசம் சந்தா கட்டுறவன்தான் நானும். ஒரு ஆப்புக்கு மட்டும் இல்லை. முதல் சீசன் ஒருத்தன்கிட்ட இருக்கு, ரெண்டாவது சீசனுக்கு இன்னொருத்தன் வாசல்ல போய் நிக்கணும். மூணாவதுக்குப் போனா "உங்கள் பகுதியில் கிடைக்காது". என் பகுதியில காசு பிடிக்க மட்டும் எந்தத் தடையும் இல்லை பாருங்க, அது தேதி தவறாம அக்கவுண்ட்ல இருந்து போயிடுது. அமெரிக்காவுல இருக்குற சித்தப்பா பையன் போன்லயும் இதே ஆப்தான். உள்ள சரக்கு மட்டும் வேற.

இதுக்குக் காரணம் இல்லாம இல்லை. ஜப்பான்ல பெரும்பாலும் ஒரே கம்பெனி காசு போட்டு அனிமே எடுக்கிறதில்லை. பதிப்பகம், டிவி சேனல், மியூசிக் கம்பெனி, பொம்மை கம்பெனின்னு பல பேர் சேர்ந்து தயாரிப்புக் குழுன்னு ஒண்ணு வைப்பாங்க. அப்புறம் உரிமையை நாடு நாடா, சீசன் சீசனா, இத்தனை வருஷத்துக்குன்னு கூறு போட்டு விப்பாங்க. பாட்டுக்குத் தனிப் பேரம். 2019ல நெட்ஃபிளிக்ஸ்ல 'இவாஞ்சலியன்'ங்கிற அனிமே வந்தப்போ பல நாடுகள்ல முடிவுல வர்ற 'ஃப்ளை மீ டு தி மூன்' பாட்டையே உருவிட்டாங்க. இதுல கூத்து என்னன்னா, 2020ல ஜப்பானோட கிப்லி ஸ்டூடியோ எடுத்த அனிமே படங்களை அதே நெட்ஃபிளிக்ஸ் உலகம் பூரா விட்டுச்சு, அமெரிக்கா, கனடா, ஜப்பான் தவிர. எடுத்த ஊர்க்காரனுக்கே இல்லை! நம்ம கதை பரவாயில்லைன்னு சந்தோஷப்பட்டுக்கணும்போல.

சரி, உரிமை இருக்குற இடத்துலயாவது தேடி எடுக்க முடியுதா? 'அட்டாக் ஆன் டைட்டன்'ங்கிற அனிமேவோட இறுதி சீசன் 2020 டிசம்பர்ல ஆரம்பிச்சு 2023 நவம்பர்லதான் முடிஞ்சுது. இறுதி சீசன், இறுதி சீசன் பாகம் 2, அதுக்கு மேல இறுதி அத்தியாயங்கள்னு ரெண்டு ஸ்பெஷல் எபிசோடு. எத்தனை இறுதிடா சாமி! ஒரு ஆப் தொடர்ச்சியா நம்பர் போடும், இன்னொண்ணு ஒவ்வொரு சீசனுக்கும் திரும்ப ஒண்ணுல இருந்து ஆரம்பிக்கும், ஸ்பெஷலைத் தூக்கி வேற மூலையில போட்டிருக்கும். அதைக் கண்டுபிடிக்கிறதுக்காகத் தேடப் போனாலே எவனாவது ஒருத்தன் போடுற தம்ப்நெயில் கிளைமாக்ஸைச் சொல்லிடுது.

தமிழ் டப்பிங் வர்றது நல்ல விஷயம், மறுக்கலை. 'சோலோ லெவலிங்' அனிமே தமிழ்ல வந்தப்போ முதல்ல துள்ளினவன் நான்தான். ஆனா எங்க வீட்டுல தங்கச்சி தமிழ்ல ரசிச்சுப் பாத்த வேற ஒரு தொடர், அடுத்த சீசன்ல தமிழ் ஆடியோவே இல்லாம வந்து நிக்குது. ஏன்னு கேட்டா கஸ்டமர் கேர்ல "உங்கள் கருத்துக்கு நன்றி". அதைத் தூக்கி உடைப்புல போடு.

"அப்போ மொத்தமா காசு குடுத்து வாங்கி வெச்சுக்கோ"ன்னு சொல்றவங்களுக்கு ஃபனிமேஷன்ங்கிற அமெரிக்க அனிமே கம்பெனியோட கதை தெரியாது. அவங்க டிஸ்க்கோட வந்த கோட் நம்பரைப் போட்டு அமெரிக்காவுல எத்தனை பேர் டிஜிட்டல் காப்பி சேர்த்து வெச்சிருந்தாங்க! 2024 ஏப்ரல்ல கடையை மூடினாங்க, அந்தக் காப்பியும் போச்சு. அவங்க சந்தாதாரர்களை அனுப்பி வெச்ச க்ரஞ்சிரோல்ங்கிற அனிமே ஆப்புக்கு அதை மாத்தித் தரலை. இந்த க்ரஞ்சிரோலே 2006ல கண்டவனும் அனுமதி இல்லாம ஏத்தின வீடியோக்களை வெச்சுத்தான் கடை விரிச்சது, ஒழுங்கா உரிமம் வாங்கிப் போட ஆரம்பிச்சது 2009 வாக்குலதான். யோக்கியம் பேசுறவங்க இதையும் சேர்த்துப் பேசுங்க.

நான் இலவசமாக் கேக்கலை. எந்தெந்த சீசன் இந்தியாவுல இருக்கு, எந்த மொழியில இருக்கு, எந்தத் தேதியில தூக்கப் போறீங்க, இதைக் காசு வாங்குறதுக்கு முன்னாடியே எழுதிப் போட்டா என்னய்யா குறைஞ்சிடும்? பணம் போனதுக்கு அப்புறம் பகுதி, எல்லைன்னு பேசுறதுக்குப் பேர் வியாபாரமா?