கெர்னல் வாய் திறக்கும் முன்பே செத்துப்போனால் யாரிடம் போய் முறையிடுவது?

இயங்குதளத்தின் மைய நிரல்தான் கெர்னல். போர்டை இயக்கினால், அது எழும் முன் திரையில் 'ஸ்டார்ட்டிங் கெர்னல்' என்று ஒரு வரி வரும். அதையடுத்து மூன்று புள்ளிகள் வரும். அதற்கப்புறம் ஒன்றும் வராது. கோவை கணபதியில் ஒரு லேத் பட்டறைக்கு மேல்மாடியில், கீழே இரும்பு கடையும் சத்தத்தில் மேசையே அதிரும் எங்கள் அறையில் உட்கார்ந்து, பதினொரு நாள்களாக நான் பார்த்துக்கொண்டிருந்தது இந்த மூன்று புள்ளிகளைத்தான். பிழைச் செய்தி வந்திருந்தால் அதைப் படித்துத் திட்டியாவது தீர்த்திருப்பேன். மூன்று புள்ளிகளைத் திட்டுவதற்கு எந்த மொழியிலும் வார்த்தை கிடையாது.

விஷயம் இதுதான். பல்லடம் பக்கத்து ஆட்டோலூம் தறிகளுக்கு நாங்கள் ஒரு சிறு பெட்டி செய்து கொடுக்கிறோம். தறி எத்தனை பிக், அதாவது எத்தனை ஊடை இழை, ஓடியது, நூல் அறுந்து எத்தனை முறை நின்றது என்று எண்ணி, தறிக்காரரின் கைப்பேசிக்கு அனுப்புவது அதன் வேலை. உள்ளே இருப்பது 64 பிட் ஏ.ஆர்.எம். செயலி கொண்ட ஒரு போர்டு. அதில் லினக்ஸ் ஓடுகிறது. போர்டு நாங்கள் செய்வதல்ல, வெளியில் ஒரு சப்ளையரிடம் வாங்குவது. சென்ற மாதம் புதிய லாட்டாக அறுபது போர்டுகள் வந்தன. அதே வாரத்தில்தான் நானும் கெர்னலைப் புதிய பதிப்புக்கு மாற்றினேன். ஒரே நேரத்தில் இரண்டை மாற்றாதே என்று என்னிடம் வேலை பழகிய பையன்களுக்கெல்லாம் படித்துப் படித்துச் சொன்னவன் நான். அந்த வாயைத்தான் இப்போது முதலில் அறைந்துகொள்ள வேண்டும்.

தறிக்காரர் தினமும் பொழுதோடு அழைப்பார். "ஏனுங் தம்பி, பொட்டி இன்னைக்காச்சும் எந்திரிக்குமுங்களா?" என்பார். எழுந்திருக்கிறதுங்க, ஆனால் எழுந்த வேகத்திலேயே விழுகிறதுங்க என்று சொன்னால், "செரிங், அப்ப ஆஃப் பண்ணி ஆன் பண்ணிப் பாருங்க சாமி" என்பார். அவரைக் குற்றம் சொல்ல மாட்டேன். அவருடைய தறிக்கு அது சரியான வைத்தியமாக இருக்கலாம். ஆனால் இதே வைத்தியத்தை, கம்ப்யூட்டர் படித்துப் பட்டம் வாங்கி, இதே துறையில் பதினைந்து வருடம் குப்பை கொட்டியவர்களும் பேக்கரி வாசலில் டீயை ஆற்றிக்கொண்டே எனக்குச் சொன்னார்களே, அதைத்தான் என்னால் இன்றுவரை பொறுக்க முடியவில்லை.

ஓடிக்கொண்டிருக்கும் ஒரு கணினியில் ஒரு நிரல் செத்தால், அது எங்கே செத்தது, எதைத் தொட்டுச் செத்தது என்று ஏதேனும் ஒரு தடயம் மிஞ்சும். கெர்னல் தொடங்கிய முதல் சில நொடித்துளிகளில் விழுந்தால் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. கெர்னல் அப்போதும் பேசத்தான் செய்கிறது. ஆனால் அது பேசுவது நினைவகத்தில் உள்ள ஒரு தாங்கலுக்குள், அதாவது லாக் பஃபருக்குள். அதை எடுத்து சீரியல் கம்பி வழியே நம் திரைக்கு அனுப்ப வேண்டிய கன்சோல் டிரைவர் மிகவும் தாமதமாகத்தான் வேலைக்கு வருகிறது. அது வருவதற்குள் கெர்னல் செத்துவிட்டால், சொன்னதெல்லாம் பஃபருக்குள்ளேயே அடங்கிவிடும். மரண வாக்குமூலம் இருக்கிறது, அதை எழுதி வாங்க ஆள்தான் இல்லை.

இதற்கென்றே 'எர்லிகான்' என்று ஒரு வழி இருக்கிறது. முழு டிரைவரும் வரும்வரை காத்திராமல், சீரியல் சில்லின் முகவரியை நேரே கொடுத்துவிட்டால், கெர்னல் எழுத்தெழுத்தாக அதன் வாயில் தள்ளிவிடும். நல்ல ஏற்பாடுதான். எந்தச் சீரியல் சில்லு என்பதை, போர்டில் என்னென்ன எங்கே இருக்கிறது என்று கெர்னலுக்குச் சொல்லும் பட்டியலான டிவைஸ் ட்ரீயில் ஒரே ஒரு வரியாக எழுதி வைத்திருந்தால் வெறுமனே எர்லிகான் என்று சொன்னாலே போதும். சப்ளையர் கொடுத்த டிவைஸ் ட்ரீயில் அந்த ஒரு வரி இல்லை. ஆகவே ஆயிரக்கணக்கான பக்கங்கள் கொண்ட செயலிக் கையேட்டில் அந்த முகவரியைத் தேடி எடுத்தேன். பிறகு 115200 பாட் வேகத்தில் கேபிளை மாட்டினேன். குப்பையாக எழுத்து வந்தது. தரைக் கம்பி சரியாக உட்காரவில்லை. அதை அழுத்திப் பிடித்துக்கொண்டு மறுபடி ஏற்றியபோது மின்சாரம் போனது. மாதாந்திரப் பராமரிப்பு நாளாம். காலையிலேயே குறுஞ்செய்தி வந்திருந்ததாம். படிக்காதது என் தப்புதான்.

மின்சாரம் வந்த பிறகு ஒருவழியாகச் செய்திகள் வரத் தொடங்கின. அப்போதுதான் உண்மையான கொடுமை ஆரம்பித்தது. முதல் முறை, இல்லாத ஒரு முகவரியைத் தொட்டதாகச் சொல்லி விழுந்தது. இரண்டாம் முறை, இனிட்ராம்எஃப்எஸ் என்கிற தொடக்கக் கோப்புத் தொகுப்பை விரிக்கும்போது அதன் தலைப்பே சரியில்லை என்று சொல்லி நின்றது. மூன்றாம் முறை, டிவைஸ் ட்ரீயில் ஒரு பெயர் இருக்க வேண்டிய இடத்தில் பொருளற்ற எழுத்துகள் இருந்தன. நான்காம் முறை, என்னைப் பைத்தியக்காரனாக்குவதற்கென்றே, ஒழுங்காக ஏறி லாகின் கேட்டது. எங்கே விழுகிறது என்று பார்க்க நான் செய்தி அச்சிடும் ஒரு பிரிண்ட்கே வரியைச் சேர்த்தால், விழும் இடமே மாறிவிடும். வரியை எடுத்தால் இன்னோர் இடம். ஒரே இடத்தில் திருடும் திருடனைக் காவல் வைத்துப் பிடிக்கலாம். காவல்காரனைப் பார்த்ததும் வேறு தெருவுக்குப் போகிறவனை என்ன செய்வது?

நினைவகம் கெட்டால்தான் இப்படி நடக்கும் என்பது பச்சைப்பிள்ளைக்கும் தெரியும். எனக்கும் தோன்றியது. அதனால் பழைய கெர்னலைப் புதிய போர்டில் ஏற்றிப் பார்த்தேன். ஏறியது, பத்து நிமிடம் நன்றாகவே ஓடியது. "பாருங்கண்ணா, போர்டுல ஒண்ணுமில்லீங், நம்ம கெர்னல்லதான்" என்றான் உடனிருந்த பையன். நானும் தலையாட்டினேன். அந்தப் பத்து நிமிடத் தலையாட்டலுக்கு விலை ஆறு நாள்கள். ஆறு நாள்களும் என் சொந்தக் கோடை வரிவரியாகச் சந்தேகித்தேன். பாதிக்குப் பாதியாக மாற்றங்களை வெட்டிப் பார்த்தேன். ஒவ்வொரு பாதியும் ஒரு முறை பிழைத்தது, ஒரு முறை செத்தது. வீட்டில் சோற்றில் உப்பில்லை என்று சொன்னபோதுகூட, எந்த மாற்றத்தில் போனது என்று கேட்டேனாம்.

எர்லிகானுக்கும் முன்பே அடங்கிய சில முறைகளில் நான் செய்த ஒரு வேலையை மட்டும் கொஞ்சம் பெருமையாகவே சொல்லிக்கொள்கிறேன். மின்சாரத்தைத் துண்டிக்காமல் ரீசெட் பித்தானை மட்டும் அழுத்தினால், ரேமில் இருப்பது பெரும்பாலும் அப்படியே தங்கும். கெர்னலை ஏற்றிவிடும் தொடக்க நிரலான யூ-பூட் எழுந்ததும் அதை நிறுத்திவிட்டு, கெர்னலில் எது எந்த முகவரியில் என்று பட்டியலிடும் சிஸ்டம்.மேப் கோப்பில் லாக் பஃபரின் முகவரியைப் பார்த்து, அதை கெர்னல் பயன்படுத்தும் மெய்நிகர் முகவரியிலிருந்து ரேமின் பௌதிக முகவரிக்கு மாற்றி, அந்த இடத்தை ஹெக்ஸில், அதாவது பதினாறு அடிமான எண்களில், கொட்டச் சொன்னால், செத்துப்போன கெர்னலின் கடைசிச் சொற்கள் திரையின் வலது ஓரத்தில் எழுத்தெழுத்தாகத் தெரியும். மயானத்தில் எலும்பு பொறுக்குவது போன்ற வேலை. கண் போய்விடும். ஆனாலும் அப்படிப் பொறுக்கியதில்தான், செத்த இடங்கள் பலவாக இருந்தாலும் எல்லாம் நினைவகத்தின் உச்சிப் பகுதியில் இடம் எடுத்த பிறகே நடக்கின்றன என்பது தெரிந்தது.

அந்த ஆரம்பக் கட்டத்தில் வழக்கமான நினைவக மேலாளர் பிறந்திருக்காது. மெம்ப்ளாக் என்கிற ஒரு எளிய ஏற்பாடுதான் இடம் பிரித்துக் கொடுக்கும். அது மேலிருந்து கீழாகக் கொடுத்துக்கொண்டு வரும். மெம்ப்ளாக்குக்கான டீபக் செய்திகளை இயக்கிப் பார்த்தேன். கேட்டதெல்லாம் ஹெக்ஸில் 80000000-க்குச் சற்றுக் கீழே கொடுக்கப்பட்டிருந்தது. சந்தேகம் தீர, தொடக்க மெம்டெஸ்ட்டையும் இயக்கினேன். காலியாக உள்ள ஒவ்வொரு பகுதியிலும் ஒரு வடிவத்தை எழுதி, திரும்பப் படித்துச் சரிபார்க்கும் சோதனை அது. அதை இயக்கியதும் போர்டு ஒரு வார்த்தையும் சொல்லாமல் செத்தது. சோதிக்க வந்த மருத்துவரே நோயாளியின் கழுத்தை நெரித்தது போல இருந்தது. பிறகு யோசித்தால், நடந்தது அப்படியே அதுதான்.

அன்றைக்கு இரவு, திரையை மேலே தள்ளிக்கொண்டே போனேன். மூன்று புள்ளிகளையும் தாண்டி, யூ-பூட் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்ளும் முதல் சில வரிகளுக்குப் போனேன். 'டிராம்: 512 எம்ஐபி' என்று இருந்தது, அதாவது ரேம் 512 எம்பி. பதினொரு நாள்களில் அந்த வரி என் கண்முன் எத்தனை நூறு முறை ஓடியிருக்கும்! இந்தப் போர்டில் இருக்க வேண்டியது 1 ஜிபி. டிவைஸ் ட்ரீயைத் திறந்தேன். நினைவகம் ஹெக்ஸில் 40000000 என்ற முகவரியில் தொடங்குகிறது, அளவும் 40000000 என்று எழுதியிருந்தது. அதாவது முழு 1 ஜிபி. யூ-பூட் அளந்து பார்த்துச் சொல்வது ஒன்று, காகிதத்தில் இருப்பது இன்னொன்று.

செயலிக்கும் ரேமுக்கும் இடையே தரவைத் தற்காலிகமாகப் பிடித்து வைக்கும் டேட்டா கேஷை அணைத்துவிட்டு, 70000000 என்ற முகவரியில் ஓர் எண்ணை எழுதினேன். பிறகு 50000000-ஐப் படித்தேன். அதே எண் அங்கே உட்கார்ந்திருந்தது. போர்டைத் திருப்பி, பூதக்கண்ணாடியை வைத்து ரேம் சில்லின் மேலெழுத்தைப் படித்தேன். பழைய லாட்டில் இருந்தது 8 கிகாபிட், இதில் இருப்பது 4 கிகாபிட். எட்டால் வகுத்தால் 1 ஜிபிக்குப் பதில் 512 எம்பி. சில்லையே பாதியாக மாற்றிவிட்டு, "அதே போர்டுதான் சார், ஒரு மாற்றமும் இல்லை" என்று எழுத்தில் கொடுத்திருக்கிறார்கள்.

இந்த இடத்தில்தான் எனக்குக் கொதிக்கிறது. ஈரோட்டில் மஞ்சள் குடோன் ஒன்றை வாடகைக்கு எடுக்கிறீர்கள் என்று வையுங்கள். பத்திரத்தில் நான்கு அறை என்று இருக்கிறது. உண்மையில் இருப்பது இரண்டே அறை. மூன்றாம் கதவைத் திறந்தால் முதல் அறைக்கும், நான்காம் கதவைத் திறந்தால் இரண்டாம் அறைக்கும் போய்ச் சேரும்படி கட்டியிருக்கிறார்கள். நான்காம் அறைக்குள் மூட்டை போடுகிறவனுக்கு, தான் இரண்டாம் அறைச் சரக்கின் மேல் போடுகிறோம் என்பது எப்படித் தெரியும்? கெர்னலின் கதையும் அதுவே. 1 ஜிபி என்று நம்பினால் 4 கேபி பக்கங்கள் 262144. பக்கத்துக்கு 64 பைட் வீதம் அவற்றுக்கான கணக்குப் புத்தகம் மட்டுமே 16 எம்பி. அதையும் மற்றவற்றையும் உச்சியிலிருந்து அடுக்கிக்கொண்டு வந்தது கெர்னல். உண்மையான 512 எம்பியின் உச்சிக்கு அருகேதான் யூ-பூட் டிவைஸ் ட்ரீயையும் தொடக்கக் கோப்புத் தொகுப்பையும் பத்திரமாக வைத்திருந்தது. ஒன்றின்மேல் ஒன்று விழுந்தது. எழுதியது உடனே ரேமுக்குப் போய்ச் சேராமல் கேஷில் தங்கி, அது வெளியேறும் நேரத்தில்தான் அடியில் இருந்ததை அழிக்கும் என்பதால், ஒவ்வொரு முறையும் வேறு வேறு இடத்தில் விழுந்தது. மெம்டெஸ்ட்டோ மூன்றாம் அறையைச் சோதிக்கிறேன் என்று போய், முதல் அறையில் இருந்த கெர்னலின் மேலேயே எழுதியிருக்கிறது. பழைய கெர்னலோடு தொடக்கக் கோப்புத் தொகுப்பு கிடையாது, டிவைஸ் ட்ரீயும் தாழ்ந்த முகவரியிலேயே இருந்தது. அதனால்தான் பத்து நிமிடம் பிழைத்தது. நினைவகம் நிறையும் வரை விட்டிருந்தால் அதுவும் விழுந்திருக்கும்.

இத்தனைக்கும் வழக்கமான யூ-பூட், தான் அளந்த அளவை டிவைஸ் ட்ரீயில் திருத்தி எழுதிவிட்டுத்தான் கெர்னலை அழைக்கும். சப்ளையர் தந்த யூ-பூட்டில் அந்தத் திருத்தத்தைச் செய்யும் பகுதியைக் கமெண்ட் போட்டு அடைத்து வைத்திருந்தார்கள். ஏன் என்று ஒரு குறிப்புக்கூட இல்லை. அளக்கத் தெரிந்தவன் வாயைக் கட்டிவிட்டு, அளக்கத் தெரியாதவன் கையில் சிட்டாவைக் கொடுத்து நிலத்தை உழச் சொல்லியிருக்கிறார்கள். அந்த நேரத்தில் கெர்னலுக்கு வேறு வழியும் கிடையாது. அதற்குக் கிடைக்கும் ஒரே ஆவணம் அதுதான்.

திருத்தம் ஓர் எழுத்து. அளவில் இருந்த 4-ஐ 2 ஆக்கினேன். அறுபது போர்டும் ஏறின.

சப்ளையரை அழைத்தேன். கோபத்தில் குரல் நடுங்காமல் இருக்க வேண்டும் என்பதற்காக எழுதி வைத்துக்கொண்டுதான் பேசினேன். அந்தப் பக்கத்தில் இருந்தவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ரெண்டு சிப்பும் கால் அமைப்பு ஒண்ணுதானுங்க சார், அதனால போர்டு அதேதானுங்க" என்றார். விலையில் குறைத்தீர்களா என்று கேட்டேன். அது விற்பனைப் பிரிவைக் கேட்க வேண்டுமாம். பேச்சை முடிக்கும்போது, அடுத்த லாட்டில் வேறு கம்பெனி சில்லு வரும், ஆனால் போர்டு அதேதான் என்றும் சொன்னார்.