ஹோட்டலில் சாப்பிட்டது குற்றமா?

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் நடந்ததை நான் மறுபடி விவரிக்கப் போவதில்லை. அங்கே இருந்தவர்களுக்கும், அந்தக் காணொளியைப் பகிர்ந்து சிரித்தவர்களுக்கும் அது நன்றாகவே தெரியும். "வரும் வழியில் ஹோட்டலில் சாப்பிட்டோம்" என்று சொன்ன மூத்த அம்மையார் ஒருவரைப் பேச்சின் நடுவில் நிறுத்தி, "ஹோட்டல் என்றால் தங்குமிடம் அம்மா, சாப்பிடும் இடத்துக்கு ரெஸ்டாரண்ட் என்று பெயர்" என்று ஒலிவாங்கியில் திருத்திய நண்பருக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நண்பரே, ஹோட்டல் என்ற சொல்லுக்கு ஒரே ஒரு சரியான பொருள் எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. விருந்தினர், விருந்தளிப்பவர் ஆகிய இருவரையுமே குறித்த 'ஹோஸ்பெஸ்' என்ற இலத்தீன் சொல்லின் வழியில் வந்து, பழைய பிரெஞ்சில் கிளைவிட்டு, ஆங்கிலத்துக்குள் வெவ்வேறு காலங்களில் நுழைந்த உடன்பிறப்புகள்தான் ஹாஸ்பிடல், ஹாஸ்டல், ஹோட்டல் ஆகிய மூன்றும். இவற்றில் ஹாஸ்பிடல் தொடக்கத்தில் நோயாளிகளுக்கு மட்டும் உரிய இடமாக இருக்கவில்லை. வழிப்போக்கரும் யாத்திரிகரும் ஏழைகளும் ஒதுங்கிய இடமாகவும் அது இருந்தது. ஹாஸ்டல் பழைய 's' ஒலியைத் தக்கவைத்துக் கொண்டது. பதினேழாம் நூற்றாண்டில் மறுபடி கடன்வாங்கப்பட்ட ஹோட்டலோ அந்த ஒலியைப் பிரெஞ்சிலேயே தொலைத்துவிட்டு வந்தது. பிரெஞ்சில் அந்தச் சொல்லின் 'o' எழுத்துக்கு மேல் இன்றும் நிற்கும் சிறு கூரை, தொலைந்த எழுத்துக்கான நினைவுச்சின்னம்.

பிரெஞ்சுக்காரர்களாவது இந்தச் சொல்லை ஒழுங்காகப் பயன்படுத்துகிறார்களா என்றால், அவர்களையும் நண்பர்தான் திருத்த வேண்டும். பாரிஸின் மிகப் பழைய மருத்துவமனைக்கு 'ஓத்தெல் தியூ' என்று பெயர். அங்கே செல்வந்தரின் நகர மாளிகையும் ஓத்தெல்தான். பதினான்காம் லூயி 1670இல் போர்வீரர்களுக்காகக் கட்ட ஆணையிட்ட அன்வலீத் இல்லமும் ஓத்தெல்தான்; நெப்போலியன் அடக்கம் செய்யப்பட்டிருப்பது அங்கேதான். அவர் அறை எடுத்துத் தங்கியிருக்கிறார் என்று நண்பர் விளக்கக்கூடும்.

இதை நான் இவ்வளவு சூடாக எழுதுவதற்குச் சொந்தக் காரணம் ஒன்று உண்டு, மறைக்க விரும்பவில்லை. பல ஆண்டுகளுக்கு முன்பு, பிரெஞ்சு கற்கச் சேர்ந்த வகுப்பில், 'ஓத்தெல் த வில்' என்ற தொடரை 'நகர விடுதி' என்று மொழிபெயர்த்தேன். அது நகராட்சி மன்றக் கட்டடம். ஆசிரியர் விளக்கியிருந்தால் ஒரு நிமிடத்தில் முடிந்திருக்கும். அவரோ என் விடையை உரக்க வாசித்து, வகுப்பு சிரித்து முடிக்கும்வரை காத்திருந்தார். நான் செய்தது உண்மையான பிழை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதன்பிறகு அந்த வகுப்பில் நான் கை உயர்த்தவே இல்லை.

"அப்படியானால் யாரும் எந்தச் சொல்லையும் எப்படியும் சொல்லலாமா?" என்று சிலர் கேட்பீர்கள். கூடாது. நாளைக்கு நான் மட்டும் நாற்காலியை மேசை என்று சொன்னால் அது பிழைதான், ஏனென்றால் கேட்பவருக்குப் புரியாது. ஆனால் ஒரு மொழியைப் பேசுகிற பெருங்கூட்டம் தலைமுறை தலைமுறையாக ஹோட்டல் என்று சொல்லி, கேட்பவரும் இலையையோ தட்டையோ நினைத்துக்கொள்ளும்போது, அதைப் பிழை என்று அறிவிக்க யாருக்கு அதிகாரம்? அந்த அம்மையார் சொன்னது அங்கிருந்த ஒருவருக்காவது புரியாமல் போனதா? உணவகம் என்ற நல்ல தமிழ்ச்சொல் இருக்கிறதே என்பவர்களுடன் எனக்குச் சண்டையே இல்லை. நண்பர் பரிந்துரைத்தது உணவகத்தை அல்லவே.

அவர் பரிந்துரைத்த ரெஸ்டாரண்டைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பிரெஞ்சில் அது முதலில் இடத்தின் பெயரே அல்ல. தேற்றுவது, தெம்பூட்டுவது என்று பொருள்படும் அந்தச் சொல், நலிந்த உடம்புக்குக் கொடுத்த இறைச்சிச் சாற்றைக் குறித்தது. பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், பாரிஸில் அந்தச் சாற்றை விற்ற கடைகளுக்கு அதே பெயர் ஒட்டிக்கொண்டது. மூலப்பொருள்தான் சரியான பொருள் என்றால், நண்பர் இனிமேல் ரெஸ்டாரண்டுக்குள் போகக் கூடாது, அதைக் குடிக்க வேண்டும்.

இவ்வளவு தூரம் போவானேன், நம் விருந்தையே எடுத்துக்கொள்ளுங்கள். தொல்காப்பியத்தில் அந்தச் சொல்லுக்குப் புதுமை என்று பொருள். "விருந்து புறத்ததாத் தானுண்டல்" என்று வள்ளுவர் எழுதியபோது வெளியே காத்திருந்தது வந்த மனிதர், சாப்பாடு அல்ல. இன்று விருந்து என்றால் நமக்குச் சாப்பாடு. வந்தவரைக் குறித்த சொல் அவருக்குப் படைக்கும் உணவுக்கு நகர்ந்தது போலவே, வந்தவர் தங்கும் இடத்தைக் குறித்த ஹோட்டலும் தமிழில் அவர் உண்ணும் இடத்துக்கு நகர்ந்திருக்கிறது. இதை எங்கும் படித்துவிட்டுச் சொல்லவில்லை, எனக்கே தோன்றியது. தவறென்றால் திருத்துங்கள், ஒலிவாங்கி இல்லாமல்.

"ஒரு சின்ன நகைச்சுவைக்கு இவ்வளவு நீளப் பதிவா?" என்பவர்களுக்கு என்னிடம் பெரிய பதில் இல்லை. ஹோஸ்பெஸ் என்ற சொல்லுக்கு இலத்தீனில் 'ஹோஸ்டிஸ்' என்றொரு உறவுச்சொல் உண்டு. முதலில் அந்நியரைக் குறித்து, பிறகு பகைவரைக் குறித்த சொல் அது. அன்றைய கூட்டத்துக்கு அந்த அம்மையார் அழைப்பின் பேரில் வந்திருந்தார். திருத்தப்பட்ட பிறகு, தாம் சொல்ல வந்ததை முடிக்காமலே அமர்ந்துவிட்டார். ஹோட்டலில் சாப்பிட்டுவிட்டு வந்தவர் அடுத்து என்ன சொல்ல இருந்தார் என்று, சிரித்த உங்களில் யாராவது அவரிடம் கேட்டீர்களா?