புரியாது என்று யார் முடிவு செய்தது?

நானும் என் ஆறு வயது மகளும் சேர்ந்து ராக்கெட் கேம் ஆடும் படத்தைச் சனிக்கிழமை போட்டேன். அதற்குக் கீழே வந்த கமெண்ட்டுகளைப் பார்த்தவர்களுக்கு மறுபடி விளக்க வேண்டியதில்லை. பேசாமல் இருந்துவிடலாம் என்றுதான் பார்த்தேன், முடியவில்லை. "ஆறு வயசுப் பிள்ளைக்கு ராக்கெட் கேம் என்ன புரியும், அம்மாவுக்கு விளையாட ஆசை, பிள்ளை ஒரு சாக்கு" என்று எழுதியவர் யாரோ வெளியாள் இல்லை, என் வீட்டில் வந்து சாப்பிட்டவர்.

குழந்தை கையில் போனைக் கொடுத்துவிட்டு நாம் வேலையைப் பார்ப்பது வேறு, பக்கத்தில் உட்கார்ந்து சேர்ந்து விளையாடுவது வேறு. நாங்கள் ஆடுவது கெர்பல் ஸ்பேஸ் புரோகிராம், நாமே ராக்கெட் கட்டி ஏவும் கம்ப்யூட்டர் விளையாட்டு. அதில் எழுத்தை நான் படித்துச் சொல்வேன், மவுஸ் என் கையில். எத்தனை டேங்க், எந்த எஞ்சின் என்பதெல்லாம் அவள் முடிவு, ராக்கெட்டைக் கிளப்ப ஸ்பேஸ் பாரைத் தட்டுவதும் அவள்தான். அந்த விளையாட்டில் 70 கிலோமீட்டரோடு காற்று மண்டலம் முடிந்துவிடும், ஆனால் நேராக மேலே விட்ட ராக்கெட் அதைத் தாண்டினாலும் திரும்பி வந்து விழும். சுற்றி வர வேண்டுமென்றால் பக்கவாட்டில் வினாடிக்கு 2,200 மீட்டருக்கு மேல் வேகம் வேண்டும். இதை நான் பாடமாக நடத்தவில்லை. விழுவதைப் பார்த்துப் பார்த்து, "மேல போனா மட்டும் பத்தாதும்மா, சைடுல ஓடணும்" என்று அவளே சொன்னாள். அப்புறம் ஒருநாள் எண்ணிக்கொண்டே வந்தவள் பாதியில் நிறுத்தி, பாராசூட் எஞ்சினோடு ஒரே ஸ்டேஜில் (ஒரே தட்டில் சேர்ந்து இயங்கும் தொகுப்பில்) இருக்கிறது, கிளம்பும்போதே விரிந்துவிடும் என்றாள். இந்தப் பிள்ளைக்குத்தான் ஒன்றும் புரியாதாம்.

குழந்தைகள் திரை பார்ப்பதைக் குறைக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனமே சொல்கிறதே என்பீர்கள். 2019இல் வந்த அந்த வழிகாட்டுதல் 5 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு. கண்ணுக்குக் கெடுதல் என்றால், சரி, அந்தக் கவலை எனக்கும் உண்டு, அதனால்தான் வாரக் கடைசியில் மட்டும். வெளியே விளையாட மாட்டாள் என்று சொன்னவர்கள் ஒருநாள் சாயங்காலம் எங்கள் தெருவுக்கு வந்து பாருங்கள்.

இதே பிள்ளை செஸ் போர்டு முன்னால் உட்கார்ந்திருந்தால் எல்லாரும் கைதட்டியிருப்பீர்கள். அப்பாவும் மகனும் கிரிக்கெட் கேம் ஆடும் வீடியோவுக்கு ஹார்ட் போட்டவரும் அந்தக் கமெண்ட் எழுதிய இதே ஆள்தான். அம்மாவும் மகளும் ஆடினால் மட்டும் ஏன் உறுத்துகிறது? சின்ன வயதில் அண்ணன்மார் கேம் ஆடும்போது எனக்குப் பின்னால் நின்று பார்க்கத்தான் இடம். கேட்டால், "உனக்குப் புரியாது". அதைக் கேட்டு வளர்ந்தவள் நான். என் பிள்ளைக்கு அதை யார் சொன்னாலும் சும்மா இருக்க மாட்டேன், சொந்தமாக இருந்தாலும் சரி.

படத்தை எடுக்கச் சொல்லி இன்பாக்ஸில் வந்தவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன், எடுக்க மாட்டேன். இந்த வாரம் விளையாட்டில் மின்மஸ் என்ற சின்ன நிலாவுக்குப் போகிறோம். அதன் பாதை 6 டிகிரி சாய்ந்தது, குறி வைப்பது கஷ்டம் என்று சொன்னேன். இன்னும் இரண்டு டேங்க் வை என்கிறாள்.