எல்சி டி வுல்ஃப் அனுப்பிய பில்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நியூயார்க்கில் வீடுகளை அலங்கரித்துக் கொடுத்த எல்சி டி வுல்ஃபைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் அவருடைய ரசனையைத்தான் புகழ்கிறார்கள். விக்டோரியா காலத்து இருண்ட கூடங்களிலிருந்து கனத்த வெல்வெட் திரைகளைக் கழற்றி எறிந்தார், மரச்சுவர்களுக்கு வெள்ளை வண்ணம் பூசினார், நியூயார்க் பணக்கார வீடுகளுக்குள் வெளிச்சத்தை வரவழைத்தார் என்று. செய்தார்தான், மறுக்கவில்லை. ஆனால் அதில் அவருடைய சொந்தச் சரக்கு எவ்வளவு? அடைசலைக் குறையுங்கள், அறைகளுக்கு அளவும் ஒழுங்கும் வேண்டும் என்று எழுத்தாளர் ஈடித் வார்ட்டனும் கட்டடக் கலைஞர் ஓக்டன் காட்மனும் 1897-லேயே சேர்ந்து புத்தகம் எழுதிவிட்டார்கள். பதினெட்டாம் நூற்றாண்டுப் பிரெஞ்சு நாற்காலிகளையும் எல்சி கண்டுபிடிக்கவில்லை. என் பார்வையில் அவர் செய்த பெரிய காரியம் வேறு: ரசனைக்குப் பில் போட்டார்.

அதற்கு முன்பு வீட்டு அலங்கார வேலையைக் கட்டடக் கலைஞர்கள் செய்தார்கள். திரைச்சீலை தைப்பவர்களும் பழம்பொருள் வியாபாரிகளும் செய்தார்கள். வீட்டுப் பெண்களும் செய்தார்கள், இலவசமாக. நல்ல குடும்பத்துப் பெண் ஒருத்தி இன்னொரு பெரிய வீட்டுக்குப் போய் "இந்தத் திரை சரியில்லை" என்று சொல்லிவிட்டு அதற்குக் கூலியும் கேட்பது கற்பனைக்கு எட்டாத செயலாக இருந்தது.

எல்சிக்குக் கூச்சப்பட வசதி இல்லை. கடன் வைத்துவிட்டு அப்பா இறந்துபோக, பிழைப்புக்காகத் தொழில்முறை நாடகத்துக்குப் போனார். நடிப்பு சுமார். பாரிஸ் உடைகளை மேடையில் உடுத்தும் அழகைப் பார்க்கத்தான் கூட்டம் வந்தது. சிறுமியாக இருந்தபோது வரவேற்பறையின் சுவர்க் காகிதத்தைப் பார்த்துவிட்டுத் தரையில் விழுந்து அழுதாராம், அவ்வளவு அசிங்கமாக இருந்ததாம். இப்படியொரு பிள்ளைப் பருவக் கதை இல்லாத அலங்கார நிபுணர் உண்டா என்ன! நான் பாதிதான் நம்புகிறேன். நாடக ஏஜெண்ட் பெஸ்ஸி மார்பரியுடன் இர்விங் பிளேஸில் குடியிருந்த வீட்டை அவர் திருத்தி அமைத்ததுதான் நம்பத்தக்க தொடக்கம். அங்கே விருந்துக்கு வந்தவர்கள்தான் பிறகு வாடிக்கையாளர்கள் ஆனார்கள்.

1905-ல், நாற்பதைத் தாண்டிய வயதில், பூச்செண்டைப் பிடித்த ஓநாய் படம் போட்ட அட்டைகளை அச்சடித்துத் தொழிலைத் தொடங்கினார். முதல் பெரிய வேலை, நியூயார்க்கின் செல்வச் சீமாட்டிகள் மாடிசன் அவென்யூவில் தங்களுக்கென்று கட்டிய காலனி கிளப். கட்டடத்தை வடிவமைத்தவர் கட்டடக் கலைஞர் ஸ்டான்ஃபோர்ட் வைட். அவர் எல்சிக்குத் துணை நின்றார்; ஆனால் 1906-ல் சுட்டுக் கொல்லப்பட்டதால் மறு ஆண்டு நடந்த திறப்பைப் பார்க்கவில்லை. அங்கே ஓர் அறைக்குச் சுவரெங்கும் பச்சை மரச்சட்டப் பின்னலை அடித்துக் கொடி படரவிட்டு, பிரம்பு நாற்காலிகளைப் போட்டிருந்தார் எல்சி. தோட்டத்தில் கிடக்க வேண்டிய சாமான்! சீமாட்டிகள் அதில் உட்கார்ந்து தேநீர் குடித்துவிட்டு, தங்கள் வீட்டுக்கும் அதுபோலவே கேட்டார்கள்.

எல்சிக்குச் 'சீட்டித் துணிச் சீமாட்டி' என்ற பட்டப்பெயரை வாங்கித் தந்தது சீட்டித் துணி. பெரிய மனிதர்களின் அறைகளில் பூப்போட்ட பருத்தியா என்று முதலில் முகம் சுளித்தார்கள். சோழமண்டலக் கரையிலிருந்து கப்பலேறிப் போய் ஐரோப்பாவை மயக்கிய துணி அது. உள்ளூர் நெசவு படுத்துவிடும் என்று பயந்து 1686-ல் பிரான்சும் பிறகு இங்கிலாந்தும் அதைத் தடை செய்தன. எல்சி வாங்கியது நம் கரையின் சரக்கு அல்ல, ஐரோப்பிய ஆலைகள் அதைப் பார்த்து அச்சிட்டது. லாபம் யாருக்குப் போனது என்பது தனிப் பதிவுக்கான எரிச்சல்.

எல்சியின் வாடிக்கையாளர் ஹென்றி கிளே ஃப்ரிக்குக்கு வருகிறேன். நிலக்கரியிலும் எஃகிலும் சம்பாதித்தவர். 1892-ல் ஹோம்ஸ்டெட் தொழிலாளர் வேலைநிறுத்தத்தை அவர் நசுக்கிய விதத்தை அமெரிக்கா இன்னும் மறக்கவில்லை. ஐந்தாவது அவென்யூவில் அவர் கட்டிய மாளிகையின் கீழ்த்தள அலங்காரம் லண்டன்காரரான சர் சார்லஸ் ஆலமுக்குப் போனது. குடும்பம் புழங்கும் மாடியறைகள் எல்சிக்கு வந்தன. வாங்கும் பொருளின் விலையில் பத்து சதவீதம் அவருக்கு என்று பேச்சு. கூடவே ஒரு நிபந்தனை: கடைக்காரரிடம் தனியாகப் பங்கு வாங்கக் கூடாது. இந்த நிபந்தனையிலேயே அந்தத் தொழிலின் வண்டவாளம் முழுக்க இருக்கிறது. வாடிக்கையாளரிடமும் வாங்கிக்கொண்டு கடைக்காரரிடமும் கை நீட்டுவது அன்றே வழக்கமாக இருந்ததால்தானே அப்படி ஒன்றைப் போட வேண்டியிருந்தது?

பிறகு பாரிஸ். வாலஸ் என்ற செல்வக் குடும்பத்தின் பழம்பொருள் சேகரிப்பில் மிச்சத்தை வியாபாரி ஜாக் செலிக்மன் வாங்கி வைத்திருந்தார். ஃப்ரிக்குக்குக் கோல்ஃப் ஆட்டம் காத்திருந்தது. ஒதுக்கியது அரை மணி நேரம். எல்சி காட்டக் காட்ட அவர் வாங்கிக்கொண்டே போனார். அது முடிந்தபோது தான் பணக்காரியாகிவிட்டதை உணர்ந்ததாக எல்சியே பின்னாளில் எழுதினார். நடிகை அல்லவா, கதைக்கு மெருகு ஏறியிருக்கலாம். ஆனாலும் கணக்கு புரிகிறது.

எனக்கு இடறுவதும் அந்தக் கணக்குதான். விலையில் பங்கு என்றால், மலிவான நல்ல நாற்காலியைக் காட்ட அலங்காரக்காரருக்கு என்ன அவசியம்? ரசனைக்குக் கூலி கேட்டது நியாயம், கேட்ட முறை கோணல். வேலைக்கு இவ்வளவு என்று நேராகக் கேட்டிருந்தால் எத்தனை பேர் கொடுத்திருப்பார்கள் என்பதும் நியாயமான கேள்வி. உள்அலங்காரம் செய்யும் என் தோழியிடம் இன்றும் "சும்மா வந்து பார்த்துச் சொல்லேன்" என்றுதான் கேட்கிறார்கள். சோபாவுக்கு லட்சம் கொடுப்பவர்கள் யோசனைக்கு ஆயிரம் கொடுக்கக் கணக்குப் பார்க்கிறார்கள். எல்சி தன் கூலியைச் சோபாவின் விலைக்குள் ஒளித்து வைத்ததில் சாமர்த்தியம் இருந்தது.

1913-ல் அவர் பெயரில் வந்த புத்தகத்துக்குப் பின்னால் ரூபி ராஸ் என்ற பத்திரிகைக்காரரின் கை இருந்தது. அந்த ரூபியும் பின்னர் இதே தொழிலுக்கு வந்து பேர் வாங்கினார். 1933-ல், பொருளாதார மந்தத்தில் கணவரின் வருமானம் குறைந்தபோது, நியூ ஜெர்சியில் சிறு அலங்காரக் கடை போட்டார் சிஸ்டர் பாரிஷ் ('சிஸ்டர்' என்பது செல்லப்பெயர்தான்). பழைய பணக்காரக் குடும்பத்துப் பெண். கூலி கேட்டதற்காக அவரை யாரும் சாதியை விட்டுத் தள்ளிவைக்கவில்லை. 1961-ல் அமெரிக்க அதிபரின் மனைவி ஜாக்குலின் கென்னடி அவரை வெள்ளை மாளிகையை அலங்கரிக்க அழைத்துக்கொண்டார். அரசு ஒதுக்கிய 50,000 டாலர் குடும்பம் வசிக்கும் அறைகளிலேயே இரண்டு வாரத்தில் கரைந்தது. மற்ற அறைகளுக்குக் குழு அமைத்து, ஊரெல்லாம் நன்கொடை கேட்டார்கள்.