பிளேன்டீயோடு முடிகிற விஷயமல்ல

எடைக்குறைப்புச் சத்திரசிகிச்சைக்குப் பின் இரத்தத்தில் சீனி குறைந்து தலைசுற்றினால் சீனி போட்ட பிளேன்டீ குடியுங்கள் என்று, அதைப் பற்றி எழுதிய கட்டுரையாளர் ஒரே வரியில் முடித்துவிட்டார். மூன்று வருடங்களுக்கு முன் இரைப்பை பைபாஸ் (இரைப்பையைச் சிறிதாக்கிச் சிறுகுடலோடு நேரே இணைக்கும் சத்திரசிகிச்சை) செய்துகொண்டவள் நான். அதற்கு முன்பே, திரவ உணவுக்கு மாறிய வாரத்தில், நீரிழிவுக்கு நான் எடுத்த கிளிக்ளசைட் மாத்திரையை வைத்தியர் குறைத்தார். சாப்பாடு குறைய, மாத்திரை மட்டும் பழைய அளவில் இருந்தால் இரத்தத்தில் சீனி விழாமல் என்ன செய்யும்?

பின்னால் வந்தது வேறு கதை. ஒன்றரை வருடம் ஒரு தொல்லையும் இல்லை. ஒருநாள் காலை பாணும் ஜாமும் சாப்பிட்டேன். இரண்டு மணித்தியாலம் கழித்து, காலி வீதியில் 100ஆம் இலக்க பஸ்ஸில் உடம்பு வியர்த்துக் கொட்டியது. நடத்துனருக்கு நீட்டிய சில்லறை கைநடுக்கத்தில் சிதறியது. சோதித்தபோது இரத்தச் சீனி 52 mg/dL. எழுபதுக்குக் கீழே போனாலே குறைவுதான். மாவும் சீனியும் சிறுகுடலுக்குள் விரைந்து இறங்க, சீனியைக் குறைக்கும் இன்சுலின் அளவுக்கு மீறிச் சுரக்கிறது.

அந்த நேரத்துக்கு 15 கிராம் குளுக்கோஸ், 15 நிமிடத்தில் மறுபடி சோதனை. உடனே இனிப்பு என்ற மட்டில் கட்டுரை சரி. ஆனால் இனிப்போடு நிறுத்தினால் சீனி ஏறி மறுபடியும் விழும். தேறியதும் புரதம் கொஞ்சம் உள்ளே போக வேண்டும். அடிக்கடி வந்தால், மாவு சீனியாக மாறுவதை மெதுவாக்கும் அகார்போஸ் போன்ற மாத்திரையும் உண்டு, வைத்தியர் பார்த்துத் தர வேண்டியது. இப்போது எனக்குக் காலையில் முதலில் அவித்த முட்டை, பிறகுதான் ஒரேயொரு இடியப்பம். “ஒரு லட்டுதானே பிள்ளை” என்று கையில் திணிக்கும் மாமிமாருக்குத்தான் இன்னும் விளங்கவைக்க முடியவில்லை.